உயரமும் உயர்வும்

பள்ளி திறக்கும் நாள் பல புதுமைகளைக் காட்டும் நாளாகும். புதிய வகுப்பு, புதிய நூல், புதிய ஆசிரியர் என்னும் இவற்றினும் முதலில் மாணவர் கண்ணுக்குப் புலப்படுவது பிறிதொன்று. சென்ற ஆண்டு இதே நாளில் தோளோடு தோள் ஒத்து நின்ற நண்பர் இருவருள் ஒருவன் இவ்வாண்டு மற்றவனைவிட நான்கு விரற்கடை உயர்ந்து நிற்பான். அவன் காலுடை கணுக்காலுக்கு மேல் ஏறியிருக்கும், சட்டைக் கை மணிக்கட்டை எட்டாது, குரலும் தடித்திருக்கும். காலை வணக்கத்திற்கு மாணவரை உயர முறைப்படி வரிசையாக நிறுத்துவது பல பள்ளிகளின் வழக்கம். அவ்வரிசையில் முன்னே நின்ற ஒருவன் பின்னே செல்வான். அவனோடு ஒன்றாய் நின்றவன் முன்னேயே நிற்பான்.

அங்ஙனம் முன்னே நின்றுவிட்டவன் உள்ளத்தில் ஒரு சிறு முள் தைக்கும். அதனை அவன் யாரிடமும் கூறான். தலைமுடியைத் தூக்கி வாருவான். வகுப்பு நிழற்படம் எடுக்கும்போது குதிகாலை உயர்த்தி நிற்பான். மாலையில் ஒருவரும் காணாத வேளையில் வேப்பமரக் கிளையைப் பற்றித் தொங்குவான். "உன் அண்ணன் இவ்வயதில் வாசல் நிலையை எட்டித் தொட்டானே" என்று பாட்டியார் யாதும் கருதாது கூறும் சொல்லும் அம்முள்ளை மேலும் அழுத்தும். தோழர் இடும் பட்டப்பெயரோ, பள்ளி வாழ்வு முடிந்த பின்னரும் நெஞ்சைவிட்டு நீங்காது. இத்துயரம் பெரும்பாலும் அறியாமையிற் பிறந்தது. மனித உடல் எவ்வாறு வளர்கின்றது என்பதனை மாணவரும் பெற்றோரும் உள்ளவாறு அறிவராயின், வயதொத்தார் இருவரை அருகருகே நிறுத்தி உயரத்தால் ஒருவனைத் தாழ்த்தும் வழக்கம் ஒழியும்.

குழந்தை ஆண்டுதோறும் ஒரே அளவாக வளர்ந்து பெரியவனாகின்றது என்று பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. இதனை முதன்முதலில் அளந்து காட்டியவர் ஒரு தந்தையார். பிரான்சு நாட்டில் வாழ்ந்த கெனோ த மோன்பெயார் என்பவர் 1759ஆம் ஆண்டு பிறந்த தம் மகனை, பிறப்பு முதல் 1777 வரை, ஏறத்தாழ ஆறு திங்களுக்கு ஒருமுறை அளந்து குறித்து வந்தார். பதினெட்டு ஆண்டுகள் ஒரு செயலைத் தளராது செய்தல் எளிதோ? அவர்தம் நண்பரும் இயற்கை நூற்பேரறிஞருமான பூபோன் அக்குறிப்பைத் தம் நூலின் இணைப்பில் வெளியிட்டார். ஒரு குழந்தையைப் பிறப்பு முதல் இளமை நிரம்பும் வரை தொடர்ந்து அளந்த குறிப்புகளுள் அதுவே மிகப் பழையது என்பர். அக்கால பிரெஞ்சு அளவையில் இருந்த அவ்வெண்களை அமெரிக்க அறிஞர் ஸ்காமன் 1927ஆம் ஆண்டு இக்கால அளவைக்கு மாற்றி மீண்டும் வெளியிட்டார். இன்றும் வளர்ச்சியியல் நூல்கள் பல அதனையே முதற்சான்றாகக் காட்டுகின்றன.

அக்குறிப்பு கூறுவது யாது? முதலாண்டில் குழந்தை மிக விரைந்து வளர்ந்தது. அதன் பின்னர் ஆண்டுக்கு ஆண்டு வளர்ச்சியின் விரைவு குறைந்துகொண்டே வந்தது. சிறுவன் பதின்மூன்றாம் வயதை அணுகியபோது, அடங்கிக் கிடந்த விரைவு திடீரென்று எழுந்தது. பதினான்காம் வயதை ஒட்டி அஃது ஆண்டுக்கு ஏறத்தாழ 12 செ.மீ. என்னும் உச்சத்தை அடைந்தது. பின்னர் மீண்டும் தணிந்து, பதினெட்டாம் வயதளவில் நிற்கும் நிலையை எய்தியது. கோடையில் வற்றி ஓடிய ஆறு ஆடித் திங்களில் புதுவெள்ளம் கண்டு கரைபுரள்வது போன்றது இவ்வெழுச்சி. இதனையே இக்கால அறிஞர் குமரப்பருவ வளர்ச்சி எழுச்சி என வழங்குவர்.

எழுச்சி எல்லார்க்கும் உண்டு. அஃது எழும் காலமோ ஆளுக்கு ஆள் வேறுபடும். பொதுவாகப் பெண்மக்களுக்குப் பத்தாம் வயதளவில் தொடங்கிப் பன்னிரண்டாம் வயதளவில் உச்சம் அடையும். அவ்வுச்சத்தில் ஆண்டுக்கு 8 செ.மீ. அளவு வளர்வர். ஆண்மக்களுக்குப் பன்னிரண்டில் தொடங்கிப் பதினான்கில் உச்சம் அடையும். அப்போது ஆண்டுக்கு 9 முதல் 10 செ.மீ. வளர்வர். ஏழாம் வகுப்பில் மாணவியர் மாணவரினும் உயர்ந்து காணப்படுவதும், பத்தாம் வகுப்பில் அந்நிலை மாறுவதும் இதனாலேயே. இவை சராசரிக் கணக்குகள். ஒருவனுக்குப் பன்னிரண்டிலேயே உச்சம் வரும்; மற்றொருவனுக்குப் பதினாறு வரை அது வாராது. இருவரும் உடல்நலம் உடையவரே. பிந்தி எழுந்தவன் பதினேழு, பதினெட்டு வயதிலும், சிலவேளை இருபதளவிலும் வளர்ந்துகொண்டிருப்பான். முந்தி எழுந்தவன் பதினாறிலேயே நின்றுவிடுவான். முடிவில் இருவரும் பெரும்பாலும் தத்தம் குடும்பத்திற்கு இயல்பான உயரத்தையே எய்துவர்.

இவ்வேறுபாட்டை 1890களில் எடுத்து விளக்கியவர் பிரான்ஸ் போவாஸ் என்னும் அறிஞர். ஒவ்வொரு குழந்தையும் தனக்கே உரிய காலநடையில் வளர்கின்றது என்றார் அவர். இசை அறிந்தார்க்கு இது புதிதன்று. ஒரே பாடலை ஒருவர் விளம்ப காலத்தில் பாடுவார்; மற்றொருவர் துரித காலத்தில் பாடுவார். துரித காலத்தில் பாடியவர் முன்னரே முடித்துவிட்டமையால் விளம்ப காலத்தில் பாடுகின்றவர் பாடலைக் குறைத்தார் என்று எவரும் கூறார்.

உழவர் இதனினும் தெளிவாக அறிவர். காவிரிப் படுகையில் குறுவை என்றும் சம்பா என்றும் இருவகைப் பட்டங்கள் உண்டு. குறுவை நெல் மூன்றரை, நான்கு திங்களில் கதிர் முற்றி அரிவாளுக்கு வரும். சம்பா ஐந்து, ஆறு திங்கள் வயலில் நிற்கும். ஐப்பசியில் ஒரு வயலில் குறுவைக் கதிர் அறுபட்டுக் களம் சேரும்போது, அண்டை வயலில் சம்பாப் பயிர் பசுந்தாளாய் நிற்கும். அதுகண்டு எந்த உழவனும் சம்பாவைப் பழித்து வரப்பில் நின்று வைவதில்லை. குறுவைக்கு இட்ட நாளையே சம்பாவுக்கும் இட்டு எண்ணுவதில்லை. தைத் திங்களில் அதுவும் களம் நிறைக்கும் என்பதனை அவன் அறிவான். நெல்லுக்குத் தரும் பொறுமையை மனிதர் தம் மக்களுக்குத் தர மறுப்பது என்ன நீதி?

வளர்ச்சி எலும்பில் எவ்வாறு நிகழ்கின்றது என்பதும் அறியத்தக்கது. தொடை, கணைக்கால், கை ஆகியவற்றின் நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகே மென்மையான குருத்தெலும்புத் தகடுகள் உள்ளன. அங்கே புதிய உயிரணுக்கள் பெருகிக்கொண்டே இருக்கும். பழையவை சுண்ணாம்புச்சத்து ஏறி இறுகி எலும்பாகும். இவ்வாறு எலும்பு முனைப்பக்கமாக நீள்கின்றது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி வளர்ச்சிக்குரிய ஹார்மோனைச் சுரக்கின்றது; கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அதற்குத் துணைநிற்கின்றது; பருவம் எய்தும்போது எழும் பால் ஹார்மோன்கள் வளர்ச்சியை முடுக்குகின்றன. முடுக்கிய அவையே பின்னர் அதனை நிறுத்தியும் விடுகின்றன. ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் ஆண், பெண் இருபாலாரிடத்தும் அக்குருத்துத் தகடுகளை மெல்ல மெல்ல எலும்பாக்கி மூடிவிடுகின்றது. அந்த ஹார்மோனை ஏற்கும் ஆற்றல் உடலில் அமையப்பெறாத ஒருவரைப் பற்றி 1994ஆம் ஆண்டு மருத்துவர் அறிவித்தனர். அவர் 28 வயதிலும் வளர்ச்சி நில்லாது 204 செ.மீ. உயரம் இருந்தார், அவர்தம் எலும்புத் தகடுகள் அப்போதும் மூடவில்லை. தகடு திறந்துள்ளவரை உயரம் கூடும். மூடிய பின் எலும்பு தானே நீளாது. இவ்வொரு செய்தியை உறுதியாகப் பற்றிக்கொள்வோர் எந்த வணிகரிடத்தும் ஏமாறார்.

எழுச்சிக் காலத்தில் உடல் முழுவதும் ஒருங்கே வளர்வதில்லை. முதலில் பாதமும் கையும் பெருக்கும்; பின்னர்க் காலும் கையும் நீளும்; இறுதியில் முதுகு நீளும். ஆதலின் புதிய செருப்பு ஆறு திங்களுக்குள் கடித்தல் வளர்ச்சிக்கு முன்னறிகுறியாகலாம். நேற்றுவரை கைக்கு எட்டிய குவளை இன்று கைபட்டு உருளும். நன்கு பந்து எறிந்தவன் சில திங்கள் தடுமாறுவான். "கண் எங்கே போயிற்று?" என்று பெரியோர் கடிவர். கண் தன்னிடத்திலேதான் இருக்கின்றது. நீண்டுவிட்ட கையின் அளவை அவன் இன்னும் பழகிக்கொள்ளவில்லை. பசி மிகுதலும் உறக்கம் மிகுதலும் இக்காலத்தின் இயல்புகள். அவற்றைச் சோம்பல் என்றும் பெருந்தீனி என்றும் பழித்தல் பொருந்தாது.

இனி, உயரத்தை அளிப்பது குடிவழியோ உணவோ என்னும் வினா எழும். இரண்டுமே ஆம். ஊட்டம் குன்றாத சமுதாயத்தில் ஒருவர்க்கும் மற்றொருவர்க்கும் இடையே காணும் உயர வேறுபாட்டில் ஐந்தில் நான்கு பங்கு மரபின்பாற்பட்டது என்பர். உயரத்தோடு தொடர்புடைய மரபுக் குறிகள் பன்னீராயிரத்திற்கு மேற்பட்டவை என 2022ஆம் ஆண்டு வெளியான பெரும் ஆய்வொன்று கண்டது. ஆயினும் மரபு ஓர் எல்லையை வகுக்கின்றதே அன்றி, அவ்வெல்லையை எட்டும் ஆற்றலைத் தானே தருவதில்லை. நல்ல விதையும் வறண்ட நிலத்தில் கூனிக் குறுகும்.

இதற்குச் சான்று நீலகிரி மலையிலேயே உண்டு. 1920களில் குன்னூரில் ஆய்வு நிகழ்த்திய இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர், ஒரே கால்வழியில் வந்த எலிக்குஞ்சுகளைப் பல பிரிவாக்கி, இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே கொடுத்தார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி ஆகியன நிறைந்த சீக்கியர் உணவை உண்டவை நன்கு கொழுத்து வளர்ந்தன. தீட்டிய அரிசி மிகுந்தும் பாலும் காய்கறியும் குறைந்தும் இருந்த சென்னை மாகாணத்து உணவை உண்டவை எல்லாவற்றினும் குன்றின. எலிகளின் குலம் ஒன்று, கூண்டு ஒன்று, கலத்தில் இட்டதே வேறு. இவ்வினத்தார் இயல்பிலேயே நெட்டையர், இவ்வினத்தார் இயல்பிலேயே குட்டையர் என்று எளிதிற் பேசுவோர்க்கு இவ்வெலிகள் கற்பிக்கும் பாடம் பெரிது.

மனிதக் குழந்தைகளிடத்தும் இதனைக் கண்டனர். இலண்டனுக்கு அருகே இருந்த சிறுவர் விடுதி ஒன்றில் காரி மான் என்னும் மருத்துவர் நிகழ்த்திய ஆய்வின் முடிவு 1926ஆம் ஆண்டு வெளியாயிற்று. விடுதியின் வழக்கமான உணவை மட்டும் உண்ட சிறுவர் ஓராண்டில் சராசரியாக 1.84 அங்குலம் வளர்ந்தனர். அவ்வுணவோடு நாள்தோறும் அரை லிட்டருக்குச் சற்று மேற்பட்ட பாலும் பெற்றோர் 2.63 அங்குலம் வளர்ந்தனர். ஒரு நாடே வளர்ந்த கதையும் உண்டு. தென்கொரியாவில் 1896ஆம் ஆண்டு பிறந்த பெண்டிரினும் 1996ஆம் ஆண்டு பிறந்தோர் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்தனர். நூறாண்டில் ஒரு மக்களின் மரபு அவ்வளவு மாறுவதில்லை. உணவும் நோய்த்தடுப்பும் தூய நீரும் மாறின.

ஆதலின் ஒரு சிறுவனின் உயரத்தைப் பற்றி நகைப்பவர், சிலவேளை ஒரு குடும்பத்தின் வறுமையைப் பற்றி நகைக்கின்றனர் என்பதனை உணர்தல் வேண்டும். கருவிலும் பிறந்த முதலிரண்டு ஆண்டுகளிலும் ஏற்பட்ட ஊட்டக் குறைவு பிற்காலத்தில் முற்றும் ஈடுசெய்யப்படுவது அரிது. அக்குறைக்கு அக்குழந்தையா பொறுப்பு? காமராசர் முதலமைச்சராய் இருந்த காலத்தில், 1956ஆம் ஆண்டு, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. எம்.ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் 1982ஆம் ஆண்டு அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022ஆம் ஆண்டு தொடக்கப்பள்ளிகளில் காலை உணவும் வந்து சேர்ந்தது. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பது இவற்றின் முதற் காரணம். எலும்பும் ஏறாது என்பதனையும் அதனோடு சேர்த்து எண்ணலாம்.

வீட்டளவில் செய்யத்தக்கவை எளியவை. கேழ்வரகு, பயறு, பருப்பு, நிலக்கடலை, கீரை, பால், தயிர் ஆகியனவும், உண்ணும் வழக்கமுடையார்க்கு முட்டையும் மீனும் வளர்ச்சிக்கு வேண்டிய புரதத்தையும் சுண்ணாம்புச்சத்தையும் இரும்புச்சத்தையும் அளிக்கும். இவற்றுள் பல விலை மிக்கவை அல்ல. ஆனால் பல இல்லங்களில் ஆடவர் உண்ட பின்னர், எஞ்சியதைப் பெண்மக்கள் உண்ணும் வழக்கம் இன்னும் நின்றபாடில்லை. மகனுக்கு முட்டை, மகளுக்குக் குழம்பு. பெண்ணின் எழுச்சிக் காலம் ஆணினும் ஈராண்டு முந்தியது என்று மேலே கூறப்பட்டது. பதினொரு வயதுச் சிறுமிக்கு மறுக்கப்பட்ட உணவைப் பதினெட்டில் அன்போடு படைத்தாலும் அவள் எலும்பு அதனை ஏற்றுக்கொள்ளக் காத்திராது. ஒரே பந்தியில் மகனையும் மகளையும் அமர்த்தி ஒரே அளவாகப் பரிமாறுதல், எம்மருந்தினும் சிறந்த மருந்தாகும்.

உணவுக்கு அடுத்தது உறக்கம். வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த உறக்கத்தில்தான் மிகுதியாகச் சுரக்கின்றது. குமரப் பருவத்தினர்க்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. கைபேசியின் ஒளியில் நள்ளிரவு வரை விழித்திருப்பவன், தனக்கு இயற்கை நாள்தோறும் அளிக்கும் கொடையைத் தானே தட்டிவிடுகின்றான். ஓடியாடி விளையாடுதலும் வெயிலில் உலாவுதலும் எலும்பை உறுதியாக்கும். கிளையில் தொங்குதல் தோளுக்கும் கைக்கும் நல்ல பயிற்சியே. எலும்பை அது நீட்டாது. கயிற்றில் தொங்கினால் புடலங்காய் நீளும் என்று கல் கட்டும் வழக்கம் தோட்டக்காரர்க்கு உண்டு. மனிதக் கால் புடலங்காய் அன்று.

இளைஞரின் இவ்வேக்கத்தை விலையாக்குவோர் நாட்டில் மிகப் பலர். மாத்திரை, பொடி, எண்ணெய், செருப்பினுள் வைக்கும் தகடு எனப் பல பெயரில் உயரம் விற்கப்படுகின்றது. இந்தியாவின் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் உள்ள 'ஜே' அட்டவணை, உயரத்தைக் கூட்டும் என்று எம்மருந்தும் உரிமை கொண்டாடலாகாது எனத் தடுக்கின்றது. தடையிருந்தும் வாங்குவோர் உள்ளவரை விற்போர் ஒழியார். மருந்து உண்டு பயன்பெற்றேன் என்று சிலர் கூறுவதற்கும் காரணம் உண்டு. பகல் முழுதும் நின்றும் நடந்தும் இருப்பதால் முதுகெலும்பின் இடையேயுள்ள மென்தட்டுகள் அழுந்தி, மாலையில் ஒருவர் உயரம் ஒன்று முதல் இரண்டு செ.மீ. வரை குறையும்; இரவு உறங்கி எழுந்தால் பழைய அளவு மீளும். இதனை அறியாதவர் மாலையில் அளந்துவிட்டு, மருந்து உண்டு, மறுநாட் காலையில் மீண்டும் அளந்து, மருந்து பலித்தது என மயங்குவர். அன்றியும், பதினைந்து வயதில் மருந்து உண்டவன் அம்மருந்து இன்றியும் வளர்ந்திருப்பான். பொழுது விடிந்ததற்குச் சேவல் கூலி கேட்பது போன்றது அவ்வணிகம்.

மருத்துவரை நாடவேண்டிய நிலையும் உண்டு. அதனை மறைத்தல் நன்றன்று. பிள்ளை ஆண்டுக்கு 4 செ.மீ. அளவுகூட வளராது நின்றாலும், பெண்ணுக்குப் பதின்மூன்று வயதிலும் ஆணுக்குப் பதினான்கு வயதிலும் பருவமாற்றத்தின் அறிகுறி சிறிதும் தோன்றாவிடினும், நாட்பட்ட நோய் இருப்பினும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். அவர் இடக்கை மணிக்கட்டை எக்ஸ்ரே படம் எடுத்து எலும்பின் வயதைக் கணிப்பார். ஆண்டின் வயது பதினைந்தாயினும் எலும்பின் வயது பன்னிரண்டரையாக இருத்தல் கூடும். அங்ஙனமாயின் அவனுக்கு வளர்ச்சி இன்னும் மிகுதியாக மீந்திருக்கின்றது என்பது பொருள். தைராய்டு குறையோ வளர்ச்சி ஹார்மோன் குறையோ கண்டால் அதற்குரிய மருத்துவம் உண்டு. ஆனால் எலும்புத் தகடு மூடுமுன் செய்தல் வேண்டும். அயலாரின் ஏளனத்திற்கு அஞ்சி ஓடுதல் வேறு. அறிவோடு காலத்தில் நாடுதல் வேறு.

உயரம் வேண்டியதே இல்லை என்பதும் உண்மைக்கு மாறானது என்று சிலர் மறுப்பர். காவல்துறை, படை முதலிய பணிகளுக்கு உயர வரம்பு உண்டு. கூடைப்பந்து முதலிய ஆட்டங்களில் நெடியோர்க்கு வாய்ப்பு மிகுதி. அம்மறுப்பு ஏற்கத்தக்கதே. அவ்வரம்பை எட்டாத இளைஞனின் ஏமாற்றம் சிறிதன்று. ஆயினும் உலகிலுள்ள தொழில்களுள் உயரத்தை அளந்து தருவன மிகச் சில. ஆசிரியர், மருத்துவர், பொறியாளர், உழவர், நெசவாளர், நீதிபதி, கலைஞர் ஆகியோரை எவரும் சுவரில் நிறுத்தி அளப்பதில்லை. ஒரு கதவு குறுகியதாயின் அதன்முன் அமர்ந்து அழுவதினும் அகன்ற கதவுகளை நோக்கி நடத்தல் அறிவுடைமை. விளையாட்டிலும் பயிற்சி தருவோர் ஒன்றை எண்ணுதல் நலம். பதின்மூன்று வயதில் முந்தி வளர்ந்தவனையே தேர்ந்து, பிந்தி வளர்பவனை ஒதுக்கிவிட்டால், ஐந்தாண்டு கழித்துச் சிறந்து விளங்கவேண்டிய ஒருவனை நாடு இழந்துவிடும்.

குட்டையர் துயரமே இங்குப் பெரிதும் பேசப்பட்டது. நெட்டையர்க்கும் துயரம் உண்டு. பன்னிரண்டு வயதில் வகுப்பிலேயே உயர்ந்து நிற்கும் பெண், நூல்களை மார்போடு அணைத்துத் தோளைக் குறுக்கி நடப்பாள், "இவளுக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவது?" என்னும் சொல் அவள் முதுகைக் கூனச்செய்யும். முந்தி வளர்ந்த சிறுவனைப் பெரியவன் என்று கருதி, அவன் வயதுக்கு மீறிய பொறுப்பைப் பெரியோர் சுமத்துவர். அவன் விளையாட விரும்பினால் நாணமில்லையா என்பர். உடல் வளர்ந்த அளவுக்கு உள்ளமும் வளர்ந்துவிட்டது என்று கொள்வது பிழை. நிமிர்ந்து நிற்கும் உரிமை நெடியவர்க்கும் உண்டு, குறியவர்க்கும் உண்டு.

தமிழ் மரபு குறுமையை இழிவாகக் கருதியதில்லை. தமிழுக்கு இலக்கணம் வகுத்தவர் என்று மரபு போற்றும் அகத்தியரைக் குறுமுனி என்றே வழங்கினர். அது பழிப்பன்று, பெருமைப் பெயர். குறள் என்னும் சொல்லுக்கே குறுமை என்பது பொருள். இரண்டடியாற் குறுகிய வெண்பாவால் இயன்ற நூலை உலகம் பொதுமறை என்று தலைமேற் கொண்டது. ஓரடி குறைந்தது என்று எவரும் அதனைத் தள்ளவில்லை. அண்மைக் காலத்தில் லால் பகதூர் சாஸ்திரி உருவத்தாற் சிறியவர். 1965ஆம் ஆண்டுப் போரின்போது நாட்டை நடத்திய உறுதியால் நெடியவர். ஏறத்தாழ 165 செ.மீ. உயரமுடைய சச்சின் தெண்டுல்கர், தம்மினும் ஓரடி உயர்ந்த பந்துவீச்சாளரை எதிர்நின்று, பன்னாட்டுக் கிரிக்கெட்டில் நூறு சதங்கள் குவித்தார்.

பள்ளியும் இல்லமும் இனிச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. ஒருவனை மற்றவனோடு ஒட்டி அளப்பதை விடுத்து, ஒவ்வொருவனையும் அவனோடே ஒட்டி அளத்தல் வேண்டும். மோன்பெயார் தம் மகனுக்குச் செய்தது அதுவே. வீட்டுச் சுவரில் ஓரிடம் போதும். செருப்பின்றிக் குதிகால் சுவரில் படிய, பார்வை நேராக நிற்க, ஆறு திங்களுக்கு ஒருமுறை, அதே பொழுதில், ஒரு கோடு இட்டு நாளும் ஆண்டும் குறித்தால், வளர்ச்சி தன் கதையைத் தானே சொல்லும். அண்ணன் கோடு ஒருபுறம், தங்கை கோடு ஒருபுறம் தனித்தனியே ஏறட்டும். காலை வணக்கத்தில் முன்வரிசையில் நிற்கும் மாணவன் அச்சுவரை நினைந்து அமைதி கொள்வானாக. அவன் வயலில் வளர்வது சம்பாவாக இருத்தல் கூடும். தை இன்னும் வரவில்லை. அதுவரை நீர் பாய்ச்சுவதும் களை எடுப்பதுமே வேலை.